இருமுறை தொட்டால்

வூட்ச் என்றால் போலிஷ் மொழியில் படகு.
ஆறுகளைத் தெருவுக்கு அடியில் தள்ளிவிட்ட ஊர்
பெயரில் மட்டும் மிதக்கிறது.
அங்கே, டிராம் திரும்பும் முனையில் என் கடை.
பழைய போன் வாங்குவேன், புதியது விற்பேன்,
உடைந்த கண்ணாடி மாற்றுவேன்.

நவம்பர். மழையா பனியா என்று முடிவெடுக்காமல்
ஏதோ ஒன்று கொட்டிக்கொண்டிருந்தது.
வெள்ளைக் கோல் முதலில் உள்ளே வந்தது.
பின்னால் ஹால்ஷ்கா வ்ஜோசெக்,
எதிர்ச்சாரி மருத்துவமனையில் முதுகு பிடித்துவிடுபவர்.
இந்தப் பேட்டையில் பாதிப்பேரின் தோள்பட்டை
அவருக்கு அத்துப்படி.

மேஜையில் வைத்தார், பன்னிரண்டு வருடத்துப் பொத்தான் போனை.
எண்களெல்லாம் தேய்ந்து மொழுக்கென்றிருந்தன.
ஐந்தின் மேல் மட்டும் எள்ளளவு மேடு.
"இதுதான் என் வடக்கு.
இங்கிருந்து எல்லா எண்ணுக்கும் வழி தெரியும்.
வங்கிக்காரர்களுக்குத்தான் போதாதாம்."

ஆண்ட்ராய்டு ஒன்று, ஐபோன் ஒன்று எடுத்து வைத்தேன்.
வாய் தானாக ஆரம்பித்தது:
கேமரா, மெகாபிக்சல், இருட்டிலும்...
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
"சொல்லுங்கள், சொல்லுங்கள். இருட்டில் என்ன?" என்று சிரித்தார்.

இரண்டிலும் பேசும் வசதியை முடுக்கினேன்.
அவர் வேகத்தைக் கூட்டினார்.
இன்னும். இன்னும்.
என் காதில் விழுந்தது வாணலியில் சோளம் பொரியும் சத்தம்.
அவருக்கு அது வாக்கியம்.
"இது முந்திரிக்கொட்டை,
விரலை எடுத்த பிறகும் பேசுகிறது.
அது அழுத்தக்காரி.
கேட்டால்தான் வாய் திறக்கிறாள்."
எது எது என்று நான் சொல்ல மாட்டேன்.
இரண்டும் எனக்குப் படியளக்கின்றன.

"நீங்களாக இருந்தால் எதை வாங்குவீர்கள்?"

பதினொரு வருடமாக எல்லோரும் கேட்கும் கேள்வி.
அலமாரியில் எது தேங்கிக் கிடக்கிறதோ அதைச் சொல்வேன்.
அன்றைக்கு ஏனோ, தெரியவில்லை என்றேன்.
"அப்படியென்றால் உங்கள் போனைப் பேச வையுங்கள்.
கண்ணை மூடுங்கள்."

மூடினேன்.
தினமும் இருநூறு தடவை நுழைகிற வீட்டின்
வாசலே அகப்படவில்லை.
"ஒருமுறை தொட்டால் பெயர் சொல்லும்.
இருமுறை தொட்டால்தான் திறக்கும்.
அவசரப்படாதீர்கள்."
அவசரப்பட்டேன்.
கட்டைவிரல் எங்கேயோ இரண்டு தடவை பட்டது.
"போக்னாவை அழைக்கிறது" என்றது
எதுவும் தெரியாத குரலில்.

போக்னா என் தங்கை.
அப்பாவின் வீட்டை விற்ற பணத்தில் தொடங்கியது.
நான்கு வருடம்.
கண்ணைத் திறந்தும் துண்டிக்கத் தெரியவில்லை,
தொட்ட இடமெல்லாம் தன் பெயரை மட்டும் சொன்னது.
ஹால்ஷ்கா கையை நீட்டி
இரண்டு விரலால் இருமுறை தட்டினார்.
நின்றது.
யார் என்று கேட்கவில்லை.
முதுகுகளோடு பழகியவர்.

கடைசியில் அவர் எடுத்தது
வரவேற்பில் உட்காரும் செஸாரி வைத்திருக்கும் ரகம்.
"வழி தவறினால் கத்திக் கேட்க
அவன்தான் பக்கத்தில் இருக்கிறான்.
குரலெல்லாம் பழகிவிடும்."
பேரம் பேசி நாற்பது ஸ்லாட்டி குறைத்தார்.
உறையின் பின்பக்கம் ஒரு புள்ளி வேண்டும் என்றார்.
கண்ணாடி ஒட்டும் பசையில் ஒரு சொட்டு வைத்து
ஊதிக் காயவைத்துக் கொடுத்தேன்.
தடவிப் பார்த்து, "கொஞ்சம் கிழக்கே தள்ளிவிட்டது,
பரவாயில்லை" என்றார்.

ஆறு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கியபோது
மேஜைமேல் என் போன் பேசியது.
பேச்சை நிறுத்த மறந்திருக்கிறேன்.
"போக்னா அழைக்கிறார்."
காலிக் கடையில், சார்ஜர்களுக்கு நடுவே, சத்தமாக.
மறுபடி:
"போக்னா அழைக்கிறார்."

ஒருமுறை தொட்டேன்.
"ஏற்கவும்," என்றது, "பொத்தான்."